சின்ன ஊர்ப் பரீட்சைக்காரிகள்

சங்கரன்கோவிலில் சீன மொழி பேசத் தெரிந்த ஆள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அதில் பெருமைப்பட ஒன்றுமில்லை. மருத்துவம் படிக்கப் போன இடத்தில், நோயாளியிடம் எங்கே வலிக்கிறது என்று கேட்பதற்காகக் கற்றுக்கொண்ட மொழி அது. படிப்பை முடித்த பிறகு யாரிடமும் அப்படிக் கேட்கிற அனுமதி எனக்குக் கிடைக்கவில்லை. வெளிநாட்டில் மருத்துவம் படித்தவர்கள் இங்கே ஒரு தகுதித் தேர்வில் தேறினால்தான் டாக்டர். நான் எழுதினேன், தேறவில்லை. மறுபடி எழுதினேன், அப்போதும் தேறவில்லை. அதன் பிறகு இது எத்தனையாவது தடவை என்று வீட்டில் கேட்பதை நிறுத்திவிட்டார்கள்.

அப்பா அரசு அலுவலகத்தில் வேலை பார்க்கிறவர். நான் சீனாவுக்கு விமானம் ஏறிய வருஷமே என் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று பொறித்து ஒரு பித்தளைப் பலகை செய்து வாங்கிவிட்டார். அது பழைய செய்தித்தாள் சுற்றியபடி பீரோவுக்குப் பின்னால் நிற்கிறது. வீடு கூட்டும்போது அம்மா அதை நகர்த்தாமல், அதைச் சுற்றி மட்டும் கூட்டுவாள்.

நான் எழுத உட்கார்ந்தது என் தோழியைப் பற்றி. வடக்குச் சீனாவில், வருஷத்தில் பாதி நாள் பனி கொட்டுகிற ஒரு நகரத்தில், எங்கள் கல்லூரி உணவுக்கூடத்தில்தான் அவளைப் பார்த்தேன். வெளிநாட்டு மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் வகுப்பு, சீன மாணவர்களுக்குச் சீனத்தில் தனி வகுப்பு. இரண்டு கூட்டமும் சேர்ந்து உட்காராது. அவள் மட்டும் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து என் எதிரில் உட்கார்ந்து, உன் இங்கிலீஷை எனக்கு வாடகைக்குத் தருவாயா என்று இங்கிலீஷிலேயே கேட்டாள். தலைமுடியைத் தானே வெட்டிக்கொள்கிறவள் என்பது பார்த்தவுடன் தெரிந்தது. ஒரு பக்கம் நீளம், ஒரு பக்கம் குட்டை.

என் இங்கிலீஷை வாடகைக்குக் கேட்ட முதல் ஆளும் கடைசி ஆளும் அவள்தான். நான் பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவள். கூடப் படித்த டெல்லி, கேரளப் பிள்ளைகள் சரளமாகப் பேசும்போது வாயைத் திறக்கவே கூசும். பேச்சில் அவர்களை ஜெயிக்க முடியாது என்று தெரிந்துபோனதால், அவர்களுக்கே தெரியாத இங்கிலீஷ் வார்த்தைகளைத் தேடிப் பிடித்து மனப்பாடம் செய்ய ஆரம்பித்தேன். ஒரு வாக்கியத்தைப் பிழையில்லாமல் பேச வராது; ஆனால் காலி வயிறு உறுமுகிற சத்தத்துக்கு போர்போரிக்மஸ் என்று ஒரு பெயர் இருப்பது எனக்குத் தெரியும். கெட்ட வார்த்தையில் திட்டித் தீர்த்த பிறகு மனசு லேசாகிறதே, அதற்கு லாலோகீஸியா. இந்த மாதிரி வார்த்தைகளை யாரிடம் போய்ப் பேசுவது? அவளிடம் பேசினேன்.

எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம். நான் ஒரு வார்த்தை கொடுத்தால் அவள் ஒரு வார்த்தை தர வேண்டும். என்னுடையது வாத்தியாருக்கே தெரியாத இங்கிலீஷாக இருக்க வேண்டும். அவளுடையது எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லாத, அவர்கள் வயதுப் பிள்ளைகள் போனில் மட்டும் பேசிக்கொள்கிற சீனமாக இருக்க வேண்டும். அவள் முதலில் கொடுத்தது மோ யூ. நேர்ப் பொருள், மீனைத் தடவுவது. வேலை நேரத்தில் வேலை செய்கிற மாதிரி உட்கார்ந்துகொண்டு சும்மா பொழுதை ஓட்டுவதற்கு அந்தப் பெயர். எங்கள் அப்பா அலுவலகத்தில் பாதிப் பேர் மீன் தடவுகிறவர்கள் என்று சொன்னேன். நூலகத்தில் வைத்து அதைச் சொல்லியிருக்கக் கூடாது. அவள் சிரித்த சிரிப்பில் எங்கள் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டார்கள்.

குளிர்காலத்தில் உடற்கூறியல் கட்டடத்தின் பின்சுவரில் மதியம் கொஞ்ச நேரம் வெயில் விழும். சுவரில் முதுகைச் சாய்த்து நின்றால் கோட்டைத் தாண்டி ஒரு சூடு இறங்கும். குளிர்கால வெயிலின் கதகதப்புக்கு அப்ரிசிட்டி என்று ஒரு பழைய வார்த்தை இருப்பதை அங்கே நின்றுதான் அவளுக்குச் சொன்னேன். அன்றிலிருந்து மதியம் ஆனால், வா, அப்ரிசிட்டிக்குப் போகலாம் என்று டீக்குக் கூப்பிடுகிற மாதிரிக் கூப்பிடுவாள்.

அந்தச் சுவரோரம்தான் அவள் தன்னைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னாள். ஷியாவ் ஜென் ஸுவோ தி ஜியா. சின்ன ஊரில் பிறந்து, வினாத்தாளைத் தீர்ப்பதில் மட்டும் கெட்டிக்காரியாகி, அந்த ஒன்றை வைத்தே பெரிய நகரத்துக்கு வந்து சேர்ந்து, வந்த பிறகு அடுத்து என்ன என்று தெரியாமல் திகைத்து நிற்கிற பிள்ளைக்கு அங்கே வைத்திருக்கிற பெயர். சின்ன ஊர்ப் பரீட்சைக்காரி என்று வைத்துக்கொள்ளலாம். அவள் அப்பா லாரி ஓட்டுகிறவர். ஊரைச் சுற்றிப் பூண்டு வயல். அந்த வட்டாரத்திலேயே முதல் மதிப்பெண் வாங்கிய பிள்ளை அவள். எங்கள் ஊரில் அப்படிப்பட்ட பிள்ளைக்குப் பேருந்து நிலையம் முன்னால் ஃப்ளெக்ஸ் வைப்பார்கள், எனக்கு வைத்திருந்தார்கள் என்று சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. அந்த ஃப்ளெக்ஸ் இப்போது எங்கே என்று கேட்டாள். தெரியவில்லை. எங்காவது மாட்டுக்கொட்டகைக்குக் கூரையாகப் போயிருக்கும்.

அதற்கடுத்த குளிர்கால விடுமுறைக்கு ஒரு பெட்டியோடு ஊருக்கு வந்தேன். நோய் பரவி, எல்லாம் அடைத்துவிட்டார்கள். என்னால் திரும்பப் போகவே முடியவில்லை. மாடி அறையில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து மீதிப் படிப்பைப் படித்தேன். நோயாளியின் வயிற்றை அமுக்கிப் பார்ப்பது எப்படி என்று திரையில் காட்டினார்கள். தெருவின் இரண்டு பக்கமும் விசைத்தறி ஓடுகிற சத்தத்தில் பேராசிரியர் சொல்வது பாதி கேட்காது. கடைசியில் பட்டம் கூரியரில் வந்தது. அப்பா அதைக் கும்பிட்டுவிட்டுக் கையெழுத்துப் போட்டு வாங்கினார்.

நாங்கள் பேசிக்கொண்டிருந்த சீனச் செயலியை இங்கே தடை செய்திருந்தார்கள். அதனால் மின்னஞ்சலில் ஒப்பந்தத்தைத் தொடர்ந்தோம். அவள் படிப்பை முடித்து ஒரு பெரிய மருத்துவமனையில் பயிற்சி டாக்டராகச் சேர்ந்திருந்தாள். அவள் அனுப்புகிற வார்த்தைகள் அதன் பிறகு மாறிவிட்டன. ஒரு நாள் நெய் ஜுவான் என்று அனுப்பினாள். உள்ளுக்குள்ளேயே சுருண்டுகொள்வது. சினிமாக் கொட்டகையில் முன்வரிசைக்காரன் எழுந்து நின்றால் பின்வரிசைக்காரனும் எழுந்து நிற்க வேண்டும். கடைசியில் கொட்டகையே நின்றுகொண்டு படம் பார்க்கும். யாருக்கும் கூடுதலாக எதுவும் தெரியாது, யாராலும் உட்காரவும் முடியாது. என் வேலை அப்படித்தான் இருக்கிறது என்று எழுதியிருந்தாள். அப்புறம் தாங் பிங். மல்லாந்து படுத்துவிடுவது. ஓடச் சொல்கிறவர்கள் ஓடிக்கொள்ளட்டும் என்று தரையோடு தரையாகக் கிடந்துவிடுவது.

நான் அவளுக்கு டிஸேனியா அனுப்பினேன். காலையில் விழிப்பு வந்தும் படுக்கையை விட்டு எழ முடியாமல் கிடக்கிற நிலை. அது எனக்கே நான் எழுதிக்கொண்ட மருந்துச் சீட்டு மாதிரிதான். தேர்வு முடிவு வருகிற நாட்களில் அப்பா காரணமில்லாமல் பக்கத்து ஊரான கரிவலம் வரை பைக்கில் போய்விட்டு வருவார். தெருவில் யாராவது, பாப்பா எப்ப ஆஸ்பத்திரி வைக்கப் போவுது என்று கேட்டுவிடுவார்கள் என்ற பயம். கூடப் படித்தவர்கள் சிலர் தேறிவிட்டார்கள். சிலர் மருந்துக் கம்பெனிக்குப் போய்விட்டார்கள். நான் மாடியில் அதே கேள்விகளைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தேன். படித்தது எதுவும் உள்ளே தங்கவில்லை. சில நாட்களில், இப்படியே இல்லாமல் போய்விட்டால் என்ன என்கிற நினைப்பு, அம்மா கீழேயிருந்து சாப்பிடக் கூப்பிடுகிற குரல் மாதிரி வெகு சாதாரணமாக வந்துவிட்டுப் போகும். அதை அவளிடம்கூடச் சொல்லவில்லை.

பிறகு அவளிடமிருந்து பாய் லான் வந்தது. தாங் பிங்குக்கும் அடுத்த படி அது. கையை மீறிப் போய்விட்டது என்று தெரிந்ததும், காப்பாற்ற எதுவும் செய்யாமல், அழுகினது இன்னும் அழுகட்டும் என்று அப்படியே விட்டுவிடுவது. பதிலுக்கு வெல்லீட்டி என்று அனுப்பினேன். ஓர் ஆசை இருக்கும்; அதைச் செய்கிற அளவுக்கு அந்த ஆசைக்கு வலு இருக்காது. உன்னை வந்து பார்க்க எனக்கு இருப்பது அதுதான் என்று எழுதினேன். அதற்குப் பதில் வரவில்லை. பல நாள் கழித்துத்தான் அடுத்த மின்னஞ்சல் வந்தது.

அன்றைக்கு ஊரில் பராமரிப்பு மின்தடை. காலையிலிருந்தே கரண்ட் இல்லை. தறிச் சத்தம் நின்று, காது அடைத்துக்கொண்ட மாதிரி ஓர் அமைதி. மொட்டைமாடியில் காயப்போட்ட மிளகாயைப் பார்த்துக்கொள்ளச் சொல்லி அம்மா என்னை உட்கார வைத்திருந்தாள். போனில் மின்னஞ்சல் வந்து நின்றது. எல்லாம் சீனத்தில். 'இன்றைக்கு வார்த்தை தர வேண்டியது என் முறை. ஷியா ஷியென். நீ கொடுத்தவற்றில் எனக்குப் பிடித்தது அப்ரிசிட்டி. நீ தேர்வில் தேறிவிடுவாய்.' அவ்வளவுதான்.

ஷியா ஷியென் என்றால் இணையத்திலிருந்து வெளியேறுவது. போனை வைக்கிறேன், தூங்கப் போகிறேன் என்பதற்கு எல்லோரும் சொல்வதுதான். ஆனால் அதற்கு இன்னொரு பொருளும் உண்டு. தொலைக்காட்சித் தொடரில் ஒரு பாத்திரத்தைச் சாகடித்துவிட்டால், இன்றைக்கு இன்னார் ஷியா ஷியென் என்று பிள்ளைகள் பேசிக்கொள்வார்கள். வார்த்தையைத் தேர்ந்தெடுத்தவள் அவள். எனக்கு இரண்டு பொருளும் தெரியும் என்பது அவளுக்குத் தெரியும்.

மறுபடி மறுபடி படித்தேன். நான்தான் அதிகப்படியாகக் கற்பனை செய்கிறேனா? வேலை முடிந்து களைத்துப் போய் எழுதியதாக இருக்கலாம். அப்படியென்றால் தேறிவிடுவாய் என்று ஏன் எழுத வேண்டும்? அவள் ஒருநாளும் அப்படி ஆறுதல் சொல்கிறவள் இல்லை. உடனே பதில் எழுதினேன். எங்கே இருக்கிறாய், ஒரு எழுத்தாவது போடு என்று. மறுபடி எழுதினேன். அவள் போன் எண்ணுக்கு அழைத்தால், என் போனில் வெளிநாட்டு அழைப்பு வசதி இல்லை என்று ஒரு பெண் குரல் மூன்று மொழிகளில் சொன்னது. அவளையும் என்னையும் சேர்த்துத் தெரிந்தவர் என்று உலகத்தில் ஒருவர்கூட இல்லை. வெயில் மண்டையைப் பிளந்தது. அந்த வார்த்தைக்குப் பின்னால் என்ன இருக்கும் என்று நான் ஊகிக்க வேண்டியிருக்கவில்லை. அதே இடத்துக்கு நானும் போய்ப் போய்த் திரும்பியவள்தானே.

அம்மா மேலே வந்தாள். நான் நிற்கிற நிலையைப் பார்த்துப் பயந்துவிட்டாள்.

"என்னட்டி, ஏன் இப்படி நிக்க? ரிசல்ட்டு ஏதும் வந்துட்டா?"

ரிசல்ட் இல்லை, சீனாவில் என் கூட்டுக்காரி உயிரை விடப்போகிறாள் என்று சொன்னேன். அம்மாவுக்கு அவளைப் பற்றி எதுவுமே தெரியாது. அப்படி ஒருத்தி இருப்பதையே நான் சொன்னதில்லை. ஆனாலும் அம்மா வேறு ஒன்றும் கேட்கவில்லை. "அங்கன யாரையும் தெரியாதா உனக்கு?" என்று மட்டும் கேட்டாள். அப்போதுதான் எனக்குத் தறிக்கூட அண்ணாச்சி ஞாபகம் வந்தார்.

கரிவலம் போகிற சாலையில் அவருக்குத் தறிக்கூடம் இருக்கிறது. முந்தின வருஷம் சீனாவிலிருந்து புதுத் தறிகள் இறக்கியிருந்தார். தறியின் திரையில் வருகிற எச்சரிக்கை எல்லாம் சீன எழுத்தில் இருந்ததால், அப்பாவிடம் சொல்லி என்னைக் கூப்பிட்டு, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டுத் தமிழில் எழுதி ஒட்டிக்கொண்டார். நான் படித்த சீனம் ஊருக்கு உதவியது அந்த ஒரு நாள்தான். தறி விற்ற கம்பெனியில் ஓர் இளைஞன் அண்ணாச்சியோடு போனில் தொடர்பில் இருந்தான். உதிரிபாகம் வேண்டுமென்றால் அவனிடம்தான் கேட்பார்.

அம்மா முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, என்னைத் தனியாக விட மாட்டேன் என்று ஸ்கூட்டியில் பின்னால் ஏறிக்கொண்டாள். மிளகாயை அப்படியே விட்டுவிட்டுக் கிளம்பினோம். நான் எப்படி ஓட்டினேன் என்று நினைவில்லை. அம்மா என் இடுப்பை இறுகப் பிடித்திருந்தது மட்டும் நினைவிருக்கிறது.

அண்ணாச்சி தறிக்கூடத்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். தறிக்காரர்கள் நிழலில் படுத்துக் கிடந்தார்கள். நான் திக்கித் திணறிச் சொன்னதில் அவருக்குப் பாதிகூடப் புரிந்திருக்காது. புரிந்த மட்டில், வெளிநாட்டுக்குப் பேசுகிற வசதி இருந்த தன் போனை எடுத்து, முதலில் அவள் எண்ணையும், அது அணைந்திருக்கவே அந்த இளைஞன் எண்ணையும் போட்டுவிட்டார். "நீ அவன் பாஷையிலயே பேசும்மா. சாமானுக்கு ஆர்டர்னு நெனச்சாவது எடுத்துருவான்" என்றார்.

அவன் எடுத்தான். ஹலோ டியர் பிரண்ட் என்று இங்கிலீஷில் ஆரம்பித்தான். நான் சீனத்தில் பேசியதும், யார் நீங்கள் என்றான். இந்தியாவிலிருந்து ஒரு பெண் சீனம் பேசி, ஓர் உயிரைக் காப்பாற்று என்கிறாள். நானாக இருந்தாலும் ஏமாற்றுக் கும்பல் என்றுதான் நினைத்திருப்பேன். அவனும் அப்படித்தான் நினைத்தான். எங்கள் கம்பெனிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, நீங்கள் உங்கள் தூதரகத்தில் கேளுங்கள் என்று மரியாதையாகச் சொன்னான். வைத்துவிடப் போகிறான் என்று தெரிந்தது. நான் மின்னஞ்சலை அப்படியே வாசித்தேன். ஷியா ஷியென் என்ற இடத்தில் அவன் மூச்சு நின்று வருவது கேட்டது. அதற்கு முன்னால் வந்தவற்றையும் ஞாபகத்திலிருந்து சொன்னேன். நெய் ஜுவான், தாங் பிங், பாய் லான். இது விளையாட்டாகச் சொல்கிற வரிசை இல்லை என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும் என்றேன். அவள் ஒரு சின்ன ஊர்ப் பரீட்சைக்காரி என்றும் சொன்னேன்.

அவன் அவள் பெயரின் எழுத்துகளைக் கேட்டான். மருத்துவமனை எது, எந்தக் கட்டடம், எந்த அறை என்று கேட்டான். அறை எண் எனக்குத் தெரியாது. ஊழியர் குடியிருப்பின் மேல்மாடி, ஜன்னலுக்கு நேரே உணவுக்கூடத்துப் புகைபோக்கி தெரியும் என்று அவள் எப்போதோ எழுதியிருந்தாள். அதைச் சொன்னேன். அவன் இருப்பது நாட்டின் தெற்கு மூலையில். அந்த நகரத்துப் போலீசுக்கும் மருத்துவமனைக்கும் இங்கிருந்தே பேசுகிறேன், போனை வைத்துவிட்டுக் காத்திருங்கள் என்றான்.

காத்திருந்தோம். அண்ணாச்சி யாரையோ அனுப்பிச் சோடா வாங்கி வரச் சொன்னார். என்னால் குடிக்க முடியவில்லை. அம்மா ஒரு நூல் மூட்டை மேல் உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பெயர்கூடத் தெரியாத பெண்ணுக்காக எந்தச் சாமியிடம் என்ன சொல்லிக் கேட்டாள் என்று தெரியவில்லை. நான் தறிகளுக்கு நடுவில் போய்ப் போய் வந்தேன். என் மனசில் ஓடியதெல்லாம் அவள் செத்துப்போயிருந்தால் என்பது இல்லை. அவள் செத்துப்போயிருந்தால் நான் எதைப் பிடித்துக்கொண்டு நிற்பது என்பதுதான். அதை நினைத்ததும் உடம்பு கூசியது. ஆனாலும் அதுதான் மறுபடி மறுபடி வந்தது.

போன் அடிக்கவும் கரண்ட் வரவும் சரியாக இருந்தது. படுத்திருந்தவர்கள் எழுந்து ஆளுக்கொரு தறியை ஓட்டிவிட்டார்கள். கூடம் முழுக்கத் தடதடவென்று சத்தம். போனைக் காதோடு வைத்து அழுத்தியும் அவன் குரல் இருப்பது தெரிகிறது, என்ன சொல்கிறான் என்று தெரியவில்லை. நான் கையை ஆட்டினேன். அண்ணாச்சி நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, "எல்லாத்தையும் நிறுத்துங்கலே" என்று கத்தியபடி போய் மெயின் சுவிட்சை இறக்கிவிட்டார். ஓடிக்கொண்டிருக்கும்போது அப்படி நிறுத்தினால் தறியில் நீளவாக்கில் ஏற்றிய பாவில் இழை அறும், மறுபடி முடிந்து எடுப்பதற்குள் அரைநாள் போகும் என்று பிறகுதான் தெரிந்தது. அவர் அதைப் பற்றி அன்றைக்கும் பேசவில்லை, பிறகும் பேசவில்லை.

இந்தத் தடவை அவன் குரல் தெளிவாகக் கேட்டது. கதவை உடைத்துத் திறந்துவிட்டார்கள் என்றான். ரென் ஹாய் ஸாய் என்றான். எல்லோரும் பேசுகிற சாதாரணச் சீனம் அது. ஆள் இன்னும் இருக்கிறாள்.

நான் அம்மாவைத் திரும்பிப் பார்த்து, "இருக்கா" என்றேன். தறிகளுக்கு நடுவில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

இங்கே கதையை நிறுத்திவிட்டால் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் நடந்தது அதோடு நிற்கவில்லை.

வெகுநாள் அவளிடமிருந்து ஒரு செய்தியும் இல்லை. அவளை அவள் வேலை பார்த்த மருத்துவமனையிலேயே சேர்த்திருக்கிறார்கள் என்று மட்டும் அந்த இளைஞன் விசாரித்துச் சொன்னான். நான் எழுதிக்கொண்டே இருந்தேன். ஒருவழியாகப் பதில் வந்தபோது அதில் நன்றி இல்லை. கோபம் இருந்தது. யாரைக் கேட்டுப் போலீசை அனுப்பினாய் என்று ஆரம்பித்திருந்தாள். கூட வேலை பார்த்தவர்கள், கீழே வேலை பார்த்தவர்கள், அவள் ஊசி போட்ட நோயாளிகள் வரை எல்லோரும் பார்த்துவிட்டார்களாம். ஷெ ஸு என்று ஒரு வார்த்தை போட்டிருந்தாள். நாலு பேர் முன்னால் அவமானப்பட்டுப் போனால், உடம்பு இருக்க ஆள் செத்துப்போனதாக அங்கே சொல்கிற வார்த்தை அது. 'ஒரு சாவிலிருந்து இழுத்து வந்து இன்னொரு சாவில் விட்டுவிட்டாய்' என்று எழுதியிருந்தாள். வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போகிறேன், இனி வார்த்தை வேண்டாம் என்று முடித்திருந்தாள்.

பதில் எழுத உட்கார்ந்தால் எனக்கு ஒரு மொழியிலும் எதுவும் வரவில்லை. அவள் சொன்னதில் எது பொய்? அவளைப் பிழைக்க வைத்தேன். பிழைத்து வந்து எங்கே நிற்பாள் என்று யோசிக்கவில்லை. யோசித்திருந்தாலும் என்னிடம் பதில் இருந்திருக்காது. நானே எங்கே நிற்கிறேன் என்பது எனக்குத் தெரியாது. அந்த நிலையிலேயே போய் மறுபடி தேர்வு எழுதினேன். கேள்விகள் கண்ணுக்கு முன்னால் ஓடின. அந்தத் தடவையும் தேறவில்லை. அப்பா எங்கேயும் போகவில்லை. முன்னறையில் உட்கார்ந்து, ஓடாத தொலைக்காட்சியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

போன மாதம் அண்ணாச்சி ஆள் அனுப்பினார். சீனாக்காரன் பேசணுமாம், வந்துட்டுப் போகச் சொல்லு. அம்மாவும் கூட வந்தாள். அந்த இளைஞன் தன் லைனில் இன்னொருவரைச் சேர்த்திருந்தான். அவளுடைய அம்மா. மகளுக்குத் தெரியாமல், போலீசிடம் கேட்டு அவன் எண்ணை வாங்கி, அவன் வழியாக என்னைத் தேடியிருக்கிறாள்.

அந்த அம்மா பேசியது எனக்குத் தெரிந்த சீனமே இல்லை. ஊர்ப்புறத்துப் பேச்சு. வேகமாக, மூக்கால் இழுத்து, வாக்கியத்தின் முடிவு எங்கே என்று தெரியாதபடி. நான் கற்ற பாடப்புத்தகச் சொல்லும் உதவவில்லை, அவள் மகள் கற்றுக்கொடுத்த புதுச் சொல்லும் உதவவில்லை. இளைஞன் கேட்டுக் கேட்டுப் பொதுச் சீனத்தில் எனக்குச் சொன்னான். அந்த அம்மா நன்றி சொல்லவும் இல்லை, குறை சொல்லவும் இல்லை. ஒரே ஒரு கேள்விதான் வைத்திருந்தாள். மகள் வீட்டுக்கு வந்ததிலிருந்து பேசுவதில்லை, சரியாகச் சாப்பிடுவதில்லை. படிக்கப் போன இடத்தில் அவள் எதை விரும்பிச் சாப்பிடுவாள்? பள்ளிக்கூட விடுதிக்குப் போன நாளிலிருந்து அவள் வீட்டில் இருந்ததே குறைவு, எனக்குத் தெரியவில்லை, உனக்குத் தெரியுமா?

எனக்குத் தெரியும். பின்வாசலில் ஒரு கிழவர் விற்கிற அவித்த சர்க்கரைவள்ளியை வாங்கி, கை சுடச்சுடத் தோலை உரித்துப் பாதியை எனக்குத் தருவாள். நூடுல்ஸில் புளிப்புக்காடியை ஊற்றி ஊற்றி அதன் நிறத்தையே மாற்றிவிடுவாள். தக்காளியும் முட்டையும் போட்டு வதக்கியதில் தக்காளியை ஒதுக்கிவிட்டு முட்டையை மட்டும் தின்பாள். ஒவ்வொன்றாகச் சொன்னேன். இளைஞன் அதை அந்த அம்மாவுக்குச் சொல்லச் சொல்ல, மறுபக்கம் அவள் ஒவ்வொன்றுக்கும் ம், ம் என்று கேட்டுக்கொண்டாள். அந்த ம் மட்டும் எனக்குப் புரிந்தது. கடைசியில் என்னவோ நீளமாகச் சொன்னாள். என்ன சொன்னார்கள் என்று கேட்டேன். சர்க்கரைவள்ளி தங்கள் தோட்டத்திலேயே இருக்கிறதாம், போய்த் தோண்டப் போகிறார்களாம் என்றான் அவன்.

அவளிடமிருந்து இன்னும் எழுத்து வரவில்லை. வருமா என்றும் தெரியவில்லை. அடுத்த தேர்வுக்கு விண்ணப்பம் போட வேண்டும். போடுவேனா என்பதும் தெரியவில்லை.

திரும்பி வரும்போது அம்மா ஸ்கூட்டியில் பின்னாலிருந்து, அந்தப் பொம்பளை என்ன கேட்டாள் என்று விசாரித்தாள். சொன்னேன்.

"அவ அம்மைக்கே தெரியாதாக்கும், மக என்ன திங்கும்னு?" என்றாள்.

வீட்டு முன்னால் நான் வண்டியை நிறுத்தியதும் இறங்கினாள். வாசலில் நின்றுகொண்டு என்னையே பார்த்தாள்.

"உனக்கு என்ன வேணும்னு சொல்லுட்டி, செய்து தாரேன்" என்றாள்.

அம்மா உள்ளே போகாமல் நின்றுகொண்டிருந்தாள்.